மைலேஜ் குறைஞ்சிடுச்சா? காரில் ஒரு நோட்டு வைத்தால் காரணம் தெரியும்... எப்படி?

"போன வருஷம் 16 குடுத்துச்சு. இப்ப 13 தாண்டவே மாட்டேங்குது." பெட்ரோல் பங்க், மெக்கானிக் ஷெட், அலுவலக பார்க்கிங் என கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் புகார் வராமல் இருக்காது. காரணமும் கூடவே தயாராக இருக்கும். பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் என்பார் ஒருவர். பங்க்கில் அளவு குறைகிறது என்பார் இன்னொருவர். சர்வீஸ் சரியில்லை என்பார் மூன்றாமவர்.

சரி, போன வருஷம் கிடைத்த அந்த 16-ஐ எப்போது, எப்படி அளந்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அது டிஸ்பிளேயில் என்றோ ஒரு நாள் பார்த்த எண்ணாக இருக்கும். இல்லையென்றால் நெடுஞ்சாலைப் பயணம் ஒன்றில் கிடைத்த சந்தோஷமான எண்ணாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு இன்றைய சென்னை டிராஃபிக்கில் கிடைக்கும் 13-ஐ ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

இதற்கு ஒரு பழைய, செலவில்லாத வழி இருக்கிறது. பெட்ரோல் போடும்போதெல்லாம் நாலு எண்களைக் குறித்து வைப்பது. இதைத்தான் டிரைவிங் லாக் என்கிறார்கள். லாரி, டாக்ஸி ஓட்டுபவர்களுக்கு இது புதிதல்ல. முதலாளிக்குக் கணக்கு காட்ட வேண்டும் என்பதால் டிரிப் ஷீட்டும் டீசல் கணக்கும் அவர்களிடம் இருக்கும். சொந்தக் காரில் போகிறவர்கள்தான் மாதம் பல ஆயிரம் ரூபாய்க்கு பெட்ரோல் போட்டுவிட்டு பில்லை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

கம்பெனி சொல்லும் மைலேஜ் ஏன் கிடைப்பதில்லை?

இந்தியாவில் புது கார் விளம்பரங்களில் வரும் மைலேஜ், புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்புகளில் எடுக்கப்பட்டது. காரை உருளைகள் மீது நிறுத்தி, 'மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி' என்ற குறிப்பிட்ட வேகப் பட்டியலின்படி ஓட்டுவார்கள். மொத்தம் சுமார் 20 நிமிடம். அதிகபட்ச வேகம் 90 கி.மீ. சக்கரம் சுற்றும், கார் நகராது. அங்கே ஸ்பீடு பிரேக்கர் இல்லை, மழைத் தண்ணீர் தேங்கிய சாலை இல்லை, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோ இல்லை.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. எல்லா கார்களையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்க்க இப்படி ஒரு சோதனை தேவை. எந்த கார் மற்றொன்றைவிட சிக்கனமானது என்று அது ஓரளவு சொல்லும். உங்கள் தெருவில், உங்கள் ஓட்டும் பழக்கத்தில், உங்கள் காருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அது சொல்லாது. அதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

டேங்க் டு டேங்க்: கணக்கு எப்படி?

முறை ரொம்ப எளிது. முதலில் டேங்க்கை ஃபுல் செய்ய வேண்டும். நாஸில் தானாக நிற்கும் 'ஆட்டோ கட்' வந்ததும் நிறுத்திவிட வேண்டும். ரவுண்டாக இருக்கட்டும் என்று அதற்கு மேல் சொட்டுச் சொட்டாக ஊற்றச் சொல்லக் கூடாது. அப்படிச் செய்தால் கணக்கும் தப்பும், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் பாகத்துக்கும் கேடு. இப்போது ஓடோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்கம்போல ஓட்டுங்கள். டேங்க் காலியாகும் நிலைக்கு வரும்போது மீண்டும் ஃபுல் செய்து, ஓடோமீட்டர் எண்ணையும் பில்லில் உள்ள லிட்டரையும் எழுதுங்கள். இடையில் ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் வருவதுதான் மைலேஜ். முடிந்தவரை ஒரே பங்க், ஒரே பம்ப் என்றால் இன்னும் நல்லது. ஆட்டோ கட் எங்கே நிற்கும் என்பது பம்ப்புக்குப் பம்ப் கொஞ்சம் மாறும்.

உதாரணத்துக்கு, தாம்பரத்தில் இருந்து கிண்டிக்கு தினமும் காரில் வேலைக்குப் போகும் ஒருவரின் நோட்டு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

தொடக்கம்: ஓடோமீட்டர் 42,310. டேங்க் ஃபுல்.
முதல் சுற்று: ஓடோமீட்டர் 42,702. போட்டது 28 லிட்டர். ஓடியது 392 கி.மீ. மைலேஜ் 14.0
இரண்டாம் சுற்று: ஓடோமீட்டர் 43,096. போட்டது 29.2 லிட்டர். ஓடியது 394 கி.மீ. மைலேஜ் 13.5
மூன்றாம் சுற்று: ஓடோமீட்டர் 43,510. போட்டது 26.8 லிட்டர். ஓடியது 414 கி.மீ. மைலேஜ் 15.4

அதே ரூட், அதே கார், அதே ஆள். ஆனாலும் 13.5-க்கும் 15.4-க்கும் நடுவே எண் ஆடுகிறது. இரண்டாவது சுற்று முடிந்ததும் "மைலேஜ் போச்சு" என்று புலம்பியிருக்கலாம். மூன்றாவது முடிந்ததும் "சூப்பர், ஏறிடுச்சு" என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். இரண்டுமே அவசர முடிவுகள்.

ஒரு தடவை அளந்தால் ஏன் போதாது?

ஆட்டோ கட் ஒரு முறை அரை லிட்டர் முன்னதாக நிற்கும், இன்னொரு முறை அரை லிட்டர் தாமதமாக நிற்கும். கார் நிற்கும் தரை சற்று சாய்வாக இருந்தாலும் மாறும். 28 லிட்டர் போடும்போது ஒரு லிட்டர் வித்தியாசம் வந்தால் அது மூன்றரை சதவீதப் பிழை. வெறும் 5 லிட்டர் போட்டு கணக்கு பார்ப்பவருக்கு அதே ஒரு லிட்டர் 20 சதவீதப் பிழை!

இதைச் சரிசெய்யும் வழியும் நோட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றாகப் பார்க்காமல், மொத்த கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் 1,200 கி.மீ. ஓட 84 லிட்டர். மைலேஜ் 14.3. இந்த முறை குறைவாக நிரம்பினால், அந்தக் குறை அடுத்த முறை கூடுதலாக நிரம்பும்போது தானாக நேராகிவிடும். கடைசியில் மிஞ்சுவது முதல் ஃபில்லிலும் கடைசி ஃபில்லிலும் உள்ள பிழை மட்டுமே. அதனால் பத்து சுற்று, 280 லிட்டர் என்று சேரும்போது அதே ஒரு லிட்டர் பிழை அரை சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது.

இன்னொரு தவறும் பலர் செய்வது. ஒவ்வொரு சுற்றின் மைலேஜையும் கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது. ஒரு சுற்றில் 25 லிட்டரில் 400 கி.மீ., அடுத்த சுற்றில் 15 லிட்டரில் 150 கி.மீ. என்றால் மைலேஜ் 16, 10. சராசரி 13 என்று தோன்றும். உண்மையில் 40 லிட்டரில் 550 கி.மீ., அதாவது 13.75. சின்ன வித்தியாசம்தான். ஆனால் நாம் தேடுவதே இப்படிப்பட்ட சின்ன வித்தியாசங்களைத்தான்.

ஆயிரம் ரூபாய்க்குப் போடுபவர்கள் என்ன செய்வது?

எல்லோராலும் ஒவ்வொரு முறையும் டேங்க் ஃபுல் செய்ய முடியாது. சம்பள நாளுக்கு முன்னால் 500, 1,000 என்று போடுவதுதான் பல வீடுகளில் நடைமுறை. அவர்களும் லாக் எழுதலாம். மாதத் தொடக்கத்தில் ஒரு முறை ஃபுல் செய்து ஓடோமீட்டரைக் குறிக்க வேண்டும். நடுவில் எத்தனை முறை, எவ்வளவு போட்டாலும் லிட்டரை மட்டும் விடாமல் எழுத வேண்டும். மாதக் கடைசியிலோ அடுத்த சம்பளத்திலோ மீண்டும் ஒரு முறை ஃபுல். முதல் ஃபுல்லைத் தவிர்த்து, அதற்குப் பிறகு போட்ட எல்லா லிட்டரையும் கூட்டி கணக்குப் போட்டால் போதும்.

ரூபாயை எழுதிவிட்டு லிட்டரை விட்டுவிடக் கூடாது. விலை மாறினால் பழைய கணக்கு குழம்பிவிடும்.

டிஸ்பிளே காட்டும் எண்ணை நம்பலாமா?

இப்போது வரும் பெரும்பாலான கார்களில் சராசரி மைலேஜ் திரையிலேயே தெரிகிறது. அது டேங்க்கில் எவ்வளவு குறைந்தது என்று அளப்பதில்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து எரிபொருளைக் கணக்கிடுகிறது. பல கார்களில் இது நிஜத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். நாலைந்து சுற்று நோட்டுக் கணக்குடன் ஒப்பிட்டால் உங்கள் கார் எவ்வளவு கூட்டிச் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு அந்த டிஸ்பிளேயும் உதவும். குறிப்பாக, ஒரே பயணத்தில் எந்த இடத்தில் எண் விழுகிறது என்று பார்க்க அது வசதி.

ஓடோமீட்டரிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கம்பெனி டயரை மாற்றி பெரிய சைஸ் போட்டிருந்தால், சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். ஓடோமீட்டர் குறைவாகக் காட்டும். மைலேஜ் விழுந்ததுபோல் தெரியும். தேசிய நெடுஞ்சாலை மைல்கற்களை வைத்து ஒரு 20 கி.மீ. சரிபார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

நோட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

ஆறு கட்டங்கள் போதும்: தேதி, ஓடோமீட்டர், லிட்டர், தொகை, ஃபுல்லா இல்லையா, குறிப்பு. கடைசிக் கட்டம்தான் முக்கியம். "டயருக்கு காற்று பிடித்தேன்", "ஊருக்குப் போனோம், ஐந்து பேர்", "வாரம் முழுக்க மழை", "ஏசி சர்வீஸ்" என்று நாலு வார்த்தை இருந்தால் பிறகு எண் ஏன் மாறியது என்று தேடும்போது விடை கிடைக்கும்.

செல்போனில் எழுத ஆப்கள் உண்டு. ஆனால் பங்க்கில் போன் எடுக்கக் கூடாது என்பதால், டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைப்பது வசதி. பில்லை வாங்கி, காரை ஓரமாக நிறுத்திவிட்டு எழுதலாம். ஓட்டிக்கொண்டே எழுதும் வேலை கூடவே கூடாது.

கூடுதலாக ஒரு கட்டம் போட நினைப்பவர்கள், கிலோமீட்டருக்கு எவ்வளவு ரூபாய் என்று எழுதலாம். மைலேஜ் எண் சில சமயம் கண்ணைக் கட்டும். வருடம் 12,000 கி.மீ. ஓடும் காரில் மைலேஜ் 18-ல் இருந்து 20 ஆனால் மிச்சம் சுமார் 67 லிட்டர். அதே தூரத்துக்கு 10-ல் இருந்து 12 ஆனால் மிச்சம் 200 லிட்டர். இரண்டிலும் கூடியது 2 தான். ஆனால் ரொம்ப குறைவாக மைலேஜ் தரும் வண்டியில்தான் கவனம் அதிக பலன் தரும். வீட்டில் இரண்டு வண்டி இருப்பவர்கள் எதில் கை வைக்கலாம் என்பதை இது சொல்லிவிடும்.

எழுதியாச்சு. மைலேஜை ஏற்றுவது எப்படி?

முதல் நாலு சுற்றில் எதையும் மாற்ற வேண்டாம். இருக்கிறபடியே ஓட்டி, அடிப்படை எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். டயருக்கு காற்று பிடித்து, ஆயில் மாற்றி, வேகத்தையும் குறைத்தால் எது வேலை செய்தது என்று தெரியாமலே போய்விடும். மே மாத அக்னி வெயிலில் எடுத்த எண்ணை டிசம்பர் எண்ணுடன் ஒப்பிடவும் கூடாது. ஏசி ஓடும் நேரமே வேறு.

எதிலிருந்து தொடங்கலாம்? அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குகள் இதில் நல்ல வழிகாட்டி.

கால்: எல்லாவற்றிலும் பெரியது இதுதான். வேகமாகக் கிளப்பி, வேகமாக பிரேக் அடிக்கும் பழக்கம், நின்று நின்று போகும் டிராஃபிக்கில் மைலேஜை 10 முதல் 40 சதவீதம் வரை குறைக்கும். நெடுஞ்சாலையில் 15 முதல் 30 சதவீதம். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்த பிறகும் ஆக்சிலரேட்டரை மிதித்து, கிட்டே போய் பிரேக் பிடிப்பவர், காசு கொடுத்து வாங்கிய வேகத்தை பிரேக் பேடில் சூடாக்கி வீணாக்குகிறார். முன்னாலேயே காலை எடுத்துவிட்டால், கியரில் இருக்கும் காரில் இன்ஜெக்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும்.

வேகம்: காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 80-ல் போகும்போது இருக்கும் எதிர்ப்பைவிட 100-ல் சுமார் 56 சதவீதம் அதிகம். சென்னையில் இருந்து திருச்சி சுமார் 330 கி.மீ. நூறிலேயே போக முடிந்தால் 3 மணி 18 நிமிடம், 80-ல் போனால் 4 மணி 8 நிமிடம். அந்த 50 நிமிடத்துக்கு நீங்கள் எவ்வளவு பெட்ரோல் கொடுக்கிறீர்கள் என்பதை ஊருக்குப் போய்வரும் இரண்டு பயணங்களில் அளந்துவிடலாம். சில சமயம் அந்த விலை சரியென்றே தோன்றலாம். அது உங்கள் முடிவு. பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் சிக்கன வேகம் 45 முதல் 55 கி.மீ.

நின்றபடி ஓடும் என்ஜின்: என்ஜின் அளவையும் ஏசியையும் பொறுத்து மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை போகும் என்கிறது அமெரிக்கக் கணக்கு. நம் ஊர் சின்ன கார்களில் இது இன்னும் குறையலாம். மணிக்கு ஒரு லிட்டர் என்றே வைத்தாலும், பள்ளி வாசலிலும் சிக்னலிலும் தினம் 15 நிமிடம் என்றால், 25 நாளில் 6 லிட்டருக்கு மேல். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 600 ரூபாய்.

ஏசி: கடும் வெயிலில், அதுவும் குறுகிய தூரப் பயணத்தில், 25 சதவீதத்துக்கு மேல்கூட மைலேஜைத் தின்னும். அதற்காக மே மாதத்தில் வியர்த்துக்கொட்ட வேண்டும் என்பதில்லை. நிழலில் நிறுத்துவது, கிளம்பும்போது முதல் ஒரு நிமிடம் கண்ணாடியை இறக்கி உள்ளே உள்ள சூட்டை வெளியேற்றுவது, இவையே கொஞ்சம் மிச்சம் பிடிக்கும்.

சுமை: 45 கிலோ கூடுதல் எடைக்கு சுமார் ஒரு சதவீதம். டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் சாமான்களை இறக்கலாம். கூரை மேல் கட்டும் பெட்டி இன்னும் மோசம். நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் வரை இழுத்துவிடும்.

டயர்: நாலு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும். 10 பிஎஸ்ஐ குறைந்தால் 2 சதவீதம். பலர் நினைப்பதுபோல பெரிய எண் இல்லை. ஆனால் டயர் ஆயுளுக்கும் பிரேக் பிடிப்புக்கும் காற்று முக்கியம் என்பதால் இதை விடக் கூடாது. எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும்.

நோட்டு காட்டிக்கொடுக்கும் கோளாறுகள்

எதையும் மாற்றாமலேயே மூன்று, நாலு சுற்று தொடர்ந்து எண் இறங்கினால் காரில் ஏதோ இருக்கிறது என்று பொருள். பிரேக் விடாமல் உரசுவது, மெதுவாகக் காற்று இறங்கும் டயர், பழுதான தெர்மோஸ்டாட், பெட்ரோல் கசிவு என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆக்சிஜன் சென்சார் பழுதானால் அதைச் சரிசெய்வதன் மூலம் மைலேஜ் 40 சதவீதம் வரைகூட உயரலாம் என்கிறது அதே அமெரிக்கத் துறை. "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று மெக்கானிக்கிடம் சொல்வதைவிட, "மார்ச் வரைக்கும் 14.3, அதுக்கப்புறம் நாலு டேங்க்கா 12.5" என்று நோட்டைக் காட்டினால் அவருக்கும் வேலை சுலபம். தேவையில்லாத பாகங்களை மாற்றும் செலவும் குறையும்.

பங்க் அளவில் சந்தேகம் என்றால் அதற்கும் வழி உண்டு. ஒவ்வொரு பங்க்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளை இருக்க வேண்டும். அதில் ஊற்றிக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 5 லிட்டருக்கு 25 மில்லி வரையிலான வித்தியாசம் மட்டுமே அனுமதி. அதற்கு மேல் குறைந்தால், தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் கீழ் வரும் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம்.

வேலைக்கு ஆகாதவை, ஆபத்தானவை

காலையில் பெட்ரோல் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பார்கள். பெட்ரோல் ஒரு டிகிரி சூட்டுக்கு சுமார் 0.1 சதவீதம்தான் விரியும். நிலத்தடி டேங்க்கில் வெப்பம் ஒரே நாளில் பெரிதாக மாறுவதும் இல்லை. ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் எகிறும் என்பது கார்புரேட்டர் காலத்துக் கதை. எரிபொருளை கம்ப்யூட்டர் அளந்து அனுப்பும் இன்றைய கார்களில் அடைபட்ட ஃபில்டர் பிக்கப்பைத்தான் குறைக்கும்.

சில 'சிக்கனங்கள்' உயிருக்கே உலை வைக்கும். ஏற்காடு, கொடைக்கானல், கொல்லிமலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு வருவது பலரின் பழக்கம். என்ஜின் பிடிப்பு போய்விடும், பிரேக் சூடாகிக் கைவிடும். இதில் பெட்ரோலும் மிச்சமாகாது. நியூட்ரலில் என்ஜின் ஐடிலிங் ஓட பெட்ரோல் வேண்டும். கியரில் இறங்கினால் அதுகூட வேண்டாம். காற்றுத் தடையைக் குறைக்க லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதும் இந்த ரகம்தான்.

எத்தனால் சர்ச்சை: நோட்டு இருந்தால் பேசலாம்

இப்போது முதலில் சொன்ன புகாருக்கு வரலாம். நாட்டில் 2014-ல் ஒன்றரை சதவீதமாக இருந்த எத்தனால் கலப்பு, 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. இதுதான் இ20. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக, மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எவ்வளவு என்பதில்தான் சண்டை.

நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கை, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10-க்கு டியூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்றது. இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு டியூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம்தான், மற்றவற்றில் சுமார் 3 முதல் 6 சதவீதம் என்று 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. இ20 திட்டத்தை எதிர்த்த பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இந்த எண்களை நோட்டுக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 16 கொடுத்த கார் 6 சதவீதம் இழந்தால் 15 கொடுக்கும். 12 ஆகிவிட்டது என்றால், அது 25 சதவீத இழப்பு. எத்தனால் மட்டும் அவ்வளவு இழுக்காது. வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. அதேபோல, "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை" என்பவரும் அளக்காமல் சொல்கிறார் என்றால் அதற்கும் மதிப்பில்லை. ஒரு டேங்க் கணக்கில் வரும் பிழையே மூன்றரை சதவீதம். எத்தனாலின் பாதிப்பும் ஏறக்குறைய அதே அளவு. ஒரு டேங்க்கை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பத்து டேங்க் நோட்டு உள்ளவரால் மட்டுமே சொல்ல முடியும்.

துரதிர்ஷ்டவசமாக, மாற்றத்துக்கு முந்தைய கணக்கு பெரும்பாலானோரிடம் இல்லை. அதனால்தான் அரசு ஒரு எண்ணையும் கார் வைத்திருப்பவர் ஒரு அனுபவத்தையும் சொல்லி, விவாதம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கலப்பு 20-ஐத் தாண்டுவது பற்றியும் பேச்சு இருக்கும் நிலையில், இன்று தொடங்கும் நோட்டு அந்தச் சமயத்தில் பயன்படும்.

நோட்டுகள் சேர்ந்தால் என்ன ஆகும்?

இதற்கு ஐரோப்பா நல்ல உதாரணம். அங்கே ஓட்டுநர்கள் தாங்களே எழுதிய எரிபொருள் கணக்குகளை, ஜெர்மனியின் ஸ்பிரிட்மானிட்டர் போன்ற தரவுத் தொகுப்புகளில் இருந்து எடுத்து, ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு தொடர்ந்து அலசியது. ஆய்வகத்தில் சொன்ன எண்ணுக்கும் சாலையில் கிடைத்த எண்ணுக்கும் இடையிலான வித்தியாசம் 2001-ல் சுமார் 9 சதவீதம். 2015-ல் அது சுமார் 42 சதவீதமாக வளர்ந்திருந்தது. கார்கள் சோதனைக்கு ஏற்ப தயாராகிக்கொண்டிருந்தன, சாலைக்கு ஏற்ப அல்ல என்பது இந்தச் சாதாரண மக்களின் கணக்கில் வெளிப்பட்டது.

2017 செப்டம்பரில் ஐரோப்பா கடுமையான புதிய சோதனை முறைக்கு மாறியது. 2021 முதல் அங்கே விற்கும் புது கார்களில் நிஜ எரிபொருள் செலவைப் பதிவு செய்யும் கருவி கட்டாயமானது. அந்தத் தரவை வைத்து 2024-ல் ஐரோப்பிய ஆணையம் தந்த அறிக்கையின்படி, பெட்ரோல், டீசல் கார்கள் சோதனை எண்ணைவிட சாலையில் சுமார் 20 சதவீதம் அதிக எரிபொருள் குடிக்கின்றன. இந்தியாவின் சோதனைச் சுழற்சி, ஐரோப்பா கைவிட்ட அந்தப் பழைய முறையை ஒட்டி அமைந்தது.

இங்கும் நுகர்வோர் ஆணையங்கள் அளந்த எண்ணுக்கு மதிப்பு தருகின்றன. லிட்டருக்கு 32 கி.மீ. என்று விளம்பரம் செய்யப்பட்ட கார், நிபுணர் ஆய்வில் 19.6 மட்டுமே கொடுத்ததால், திருச்சூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2022-ல் மொத்தம் 3.10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையமும், மைலேஜ் பற்றித் தவறாக வழிநடத்திய விளம்பரத்துக்காக ஒரு கார் நிறுவனம் ஒரு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற உத்தரவை உறுதிசெய்தது. சொந்த நோட்டு மட்டுமே வழக்கை வென்று தராது. ஆனால் நிபுணர் சோதனை கேட்கும் அளவுக்குப் புகாரில் விஷயம் இருக்கிறது என்று காட்ட அது உதவும்.

நிஜ சாலையில் எவ்வளவு எரிபொருள் செலவாகிறது என்ற தரவைத் திரட்டி, கார் மாடல் வாரியாக வெளியிடும் ஏற்பாடு இந்தியாவிலும் வர வேண்டும். எத்தனால் விஷயத்தில் மக்களுக்கு இருக்கும் சந்தேகத்தை அறிக்கைகளைவிட அது வேகமாகத் தீர்க்கும். அரசு அதைச் செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வருடம் 12,000 கி.மீ. ஓட்டுபவர் மைலேஜை 14-ல் இருந்து 16-க்கு ஏற்றினால் 107 லிட்டர் மிச்சம். லிட்டர் 100 ரூபாய் கணக்கில் 10,700 ரூபாய். அதற்குத் தேவை அடுத்த முறை பங்க்குக்குப் போகும்போது ஒரு ஃபுல் டேங்க், ஒரு பில், ஓடோமீட்டரில் உள்ள எண். முதல் வரியை அன்றே எழுதிவிடலாம்.